இடக்கை

பறவைக்காய்ச்சல் என்று
பாலக்காட்டுப் பக்கமிருந்து சேதி கிளம்பினால்
கோபாலபுரம் செக்போஸ்டில்
எனக்குத் தூக்கம் கிடையாது.
முதுகில் பதினாறு லிட்டர் மருந்து,
வலக்கையில் நீளக் குழாய்.
வருகிற வண்டியின் டயர்களை நனைக்க வேண்டும்,
கோழி ஏற்றியிருந்தால்
வந்த வழியே திருப்பிவிட வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

கணவாய்க் காற்று அடிக்கிற நாளில்
பாதி மருந்து என் மேலேயே விழும்.
"ஆஸ்பத்திரி வந்துருச்சு, கதவைத் தொறங்க"
என்பாள் ஸ்ரீஜா.
நாலு வயது நிகிலன் ஓடிவந்து
என் சட்டையை மோந்துவிட்டு
தன் சட்டையை அதில் தேய்த்துக்கொள்வான்.

அடுக்களை வாசலில் அவனுக்கு ஒரு செக்போஸ்ட்.
குறுக்கே விளக்குமாறு.
முதுகில் எல்கேஜி பை,
கையில் முடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டில்.
பூனையை நிறுத்துவான்.
காஸ் சிலிண்டர்காரரை நிறுத்துவான்.
சோற்றுப் பானையோடு வரும் அம்மாவை நிறுத்துவான்.

"நில்லு. எங்கிருந்து வர்றே?"
"அடுப்பிலிருந்துங்க சார்."
"என்ன லோடு?"
"சோறுங்க."
"கோழி இருக்கா?"
"சத்தியமா இல்லீங்க."
காலுக்கு ரெண்டு பீச்சு.
போ, போ.

குனிவதற்கு முன் பேன்ட்டை ஏற்றிக்கொள்வது,
எழுதாத பேனாவைக் காதில் செருகுவது,
மருந்து நெடிக்கு நான் இருமும் இருமல்
எல்லாம் அப்படியே.
வீடியோ எடுத்து
ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் காட்டினேன்.
சிரித்துச் சிரித்து டீ கொட்டியது ஒருவருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை
கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் அக்கா சாத்விகா
சல்லடையைக் கவிழ்த்து இழுத்து வந்தாள்.
உள்ளே பஞ்சில் செய்த ஒரு குஞ்சு.
"கோழி லோடு" என்றாள், உள்ளதை உள்ளபடி.

அவன் குனிந்து பார்த்தான்.
நிமிர்ந்தான்.
முகத்தைச் சுவர்க் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டான்.
வலக்கை குழாயை விடவில்லை.
இடக்கை மட்டும்
இடுப்புக்குப் பின்னால் போய்
மெதுவாக விரிந்தது.

"என்னடா கை?"
"ஒண்ணு வை."
"என்ன வைக்க?"
"எதாச்சும். நான் பாக்க மாட்டேன்."

சோடா மூடி ஒன்றை வைத்தாள்.
விரல்கள் மூடின.
விளக்குமாறு உயர்ந்தது.

அதோடு விடவில்லை அவன்.
நேராக அடுக்களைக்குப் போய்
முக்காலி மேல் ஏறி
கடுகு டப்பாவைத் திறந்து
மூடியை உள்ளே போட்டுவிட்டு
சத்தமில்லாமல் அடைத்தான்.

ஸ்ரீஜா என்னைப் பார்த்தாள்.
நான் காலண்டரைப் பார்த்தேன்.

எப்போது பார்த்திருப்பான்?
சோறு கொண்டுவந்த ஒரு மத்தியானம்
மருந்து டிரம் மேல் உட்கார வைத்திருந்தேன்.
கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.
எந்தக் காசில் என்பது
இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

திங்கட்கிழமை, விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.
தார்ப்பாய் போர்த்திய ஒரு டெம்போ.
ஓரத்தில் ஒரு வெள்ளை இறகு
ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.
"சாரே" என்றபடி
நாலாக மடித்ததோடு இறங்கி வந்தான்.
ஆளும் பழக்கம், மடிப்பும் பழக்கம்.

என் கழுத்து தானாகத் திரும்பியது,
பனைமரத்தைப் பார்க்க.
இடக்கை தானாகக் கிளம்பியது.
பாதி வழியில் அதைப் பிடித்து
மருந்துப் பையின் பட்டையைப் பற்றவைத்தேன்.
அது அங்கே நிற்கவில்லை,
புதிதாக வேலைக்கு வந்த பையன் மாதிரி
என்ன செய்வதென்று தெரியாமல் நெளிந்தது.

"நில்லு. எங்கிருந்து வர்றே? என்ன லோடு?"

கேட்ட பிறகுதான் கவனித்தேன்,
அவன் கேட்கிற ராகத்திலேயே கேட்டிருந்தேன்,
'லோடு'வை அவனைப் போலவே இழுத்து.

"எந்தா சாரே, கொச்சுப் பிள்ளாரைப் போலே"
என்று சிரித்தான் டிரைவர்.
நீட்டிய கையை
இன்னும் மடக்கவில்லை.